நாடற்றவர்களுக்கு அடையாளம் தந்த நான்சென்

ஐரோப்பாவில் குடியேற்றம் பற்றிய விவாதம் எப்போது எழுந்தாலும் அது ஒரு தராசின் உருவத்திலேயே முன்வைக்கப்படுகிறது. ஒரு தட்டில் எல்லைக் கட்டுப்பாடும் குடிமக்களின் பாதுகாப்பும். மறு தட்டில் அடைக்கலம் தேடி வருவோரின் மனித உரிமை. ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழ்ந்தே ஆக வேண்டும் என்பதுபோல அரசியல் தலைவர்கள் பேசுகிறார்கள். ஊடகங்களும் அவ்வாறே எழுதுகின்றன. இந்தத் தராசு உவமை சரிதானா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயத்தை வலுப்படுத்தியது, 1930ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒரு நார்வேக்காரரின் வாழ்க்கை. அவர் ஃபிரிட்யோஃப் நான்சென்.

பெரும்பாலோர் அவரைத் துருவப் பயணியாக அறிவார்கள். அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர்களின் பட்டியலில் 1922ஆம் ஆண்டுக்கு நேரே அவருடைய பெயர் இருக்கும். ஆயினும் அவருடைய வாழ்வில் இன்றைய ஐரோப்பாவுக்கு மிகவும் தேவையான பகுதி, பத்தே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுவது. அந்தப் பத்தாண்டுகளில், அரசுகளின் அச்சத்தையும் அகதிகளின் அவலத்தையும் ஒரே மேசையில் வைத்து அவர் தீர்வு தேடினார். ஒரு முறை பெருவெற்றி கண்டார். மற்றொரு முறை, இன்றளவும் ஆறாத வடுவொன்றுக்குக் காரணமானார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை பெறும் என்று நான் கருதுகிறேன்.

பனியில் கற்றது

நான்சென் 1861 அக்டோபர் 10 அன்று, இன்று ஆஸ்லோ என வழங்கப்படும் கிறிஸ்தியானியா நகருக்கு அருகே பிறந்தார். தந்தை வழக்குரைஞர். விலங்கியல் பயின்ற நான்சென், தம் 20ஆவது வயதிலேயே பேர்கன் அருங்காட்சியகத்தில் பணியில் சேர்ந்து, நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்து 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஐந்து துணைவர்களுடன் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் குறுக்காகக் கடந்தார். அவருக்கு முன் முயன்றவர்கள் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டு, ஆபத்து வந்தால் திரும்பிவிடலாம் என்று எண்ணினார்கள், திரும்பியும் வந்தார்கள். நான்சென் ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கினார். பின்வாங்க இடமில்லாததால் முன்னேறுவது ஒன்றே வழியாயிற்று.

1893இல் தொடங்கிய அவருடைய வடதுருவப் பயணமோ அறிவியல் நுட்பத்தால் சிறந்தது. சைபீரியக் கடலில் பனியால் நொறுக்கப்பட்ட ஒரு கப்பலின் சிதைவுகள் சில ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கிய செய்தியை அவர் கவனித்தார். பனிக்கு அடியில் ஒரு நீரோட்டம் இருக்க வேண்டும் என ஊகித்தார். பனியோடு மோதி வெல்ல முயலாமல், பனி நெருக்கும்போது மேலே உயர்ந்துகொள்ளும் வகையில் வளைந்த அடிப்பாகம் கொண்ட ஃபிராம் என்னும் கப்பலைக் கட்டச் செய்தார். பனியில் உறைந்த அக்கப்பல், மூன்றாண்டுகள் நீரோட்டத்தோடு நகர்ந்து பத்திரமாக வெளியே வந்தது. இடையில் கப்பலை விட்டிறங்கிய நான்சென், ஒரே ஒரு துணைவருடன் சறுக்குவண்டிகளில் வடக்கு நோக்கி நடந்து, 1895 ஏப்ரலில் அதுவரை எந்த மனிதரும் எட்டாத 86 பாகை 14 கலை வடக்கு அட்சரேகையை அடைந்தார். திரும்பும் வழியில் கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு அமைத்த குடிசையில் இருவரும் ஒரு துருவக் குளிர்காலம் முழுவதையும் கழித்தார்கள்.

எதிரே நிற்கும் பெருவிசையை உடைக்க முடியாதபோது, அதன் போக்கை அறிந்து அதற்குள்ளேயே வழி கண்டுபிடிப்பது அவருடைய இயல்பு. பிற்காலத்தில் அரசுகளின் இறையாண்மை என்னும் பனிப்பாறையை அவர் அணுகிய முறையிலும் இந்த இயல்பையே நான் காண்கிறேன்.

புகழ் அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது. 1905இல் சுவீடனிடமிருந்து நார்வே பிரிந்தபோது, டென்மார்க் இளவரசரை நார்வேயின் அரியணை ஏற்கச் செய்யும் முயற்சியில் பங்கேற்றார். பின்னர் லண்டனில் நார்வேயின் முதல் தூதரானார். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா சென்று, முற்றுகையில் சிக்கிய தம் நாட்டுக்கு உணவு கிடைக்க உடன்படிக்கை செய்து வந்தார். போர் முடிந்து, இன்றைய ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் உருவானபோது அவர் நார்வேயின் பிரதிநிதி. வயது ஏறக்குறைய 60. ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பவே விரும்பினார். காலம் விடவில்லை.

சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்கள்

1920இல் சங்கம் அவரிடம் ஒப்படைத்த முதல் பணி, போர்க் கைதிகளைத் தாயகம் சேர்ப்பது. ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் ஜெர்மானியப் படைவீரர்களும் முன்னாள் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் வீரர்களும், ஜெர்மனியில் ரஷ்ய வீரர்களும் போர் முடிந்து ஆண்டுகள் கடந்தும் முகாம்களில் கிடந்தார்கள். சோவியத் அரசு சங்கத்தை ஏற்கவில்லை. ஆயினும் நான்சென்னோடு பேச இசைந்தது. இரண்டே ஆண்டுகளுக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். பணம் குறைவு, ஊழியர் குறைவு. கைகொடுத்தவை கப்பல்களும் கடனும் அவருடைய பெயருமே.

கைதிகளுக்கு ஒரு வசதி இருந்தது: அவர்களுக்குத் திரும்பிச் செல்ல நாடு இருந்தது. அடுத்து வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ரஷ்யப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் 10 முதல் 20 லட்சம் பேரை வெளியே தள்ளின. 1920 நவம்பரில் மட்டும், தோற்றுப்போன வெள்ளைப் படையின் வீரர்களும் அவர்களுடைய குடும்பங்களுமாகச் சுமார் 1.5 லட்சம் பேர் கிரிமியாவிலிருந்து கப்பல்களில் கான்ஸ்டான்டிநோபிள் வந்து இறங்கினார்கள். 1921 டிசம்பரில் சோவியத் அரசு, வெளியேறியவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது.

அக்காலச் சூழலை நினைவில் கொள்ள வேண்டும். போருக்கு முன்பு ஐரோப்பாவின் பல எல்லைகளைக் கடவுச்சீட்டு இல்லாமலே கடக்க முடிந்தது. போர்க்கால ஒற்றர் அச்சம் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்கியது. போர் முடிந்த பின்னும் கட்டாயம் நீங்கவில்லை. அந்த நேரத்தில்தான், கடவுச்சீட்டு வழங்க அரசே இல்லாத மக்கள் கூட்டமொன்று எல்லைகளில் வந்து நின்றது. அவர்களிடம் பழைய பேரரசின் காகிதங்கள் இருந்தன. அந்தப் பேரரசு இல்லை. ஒரு நாடு அவர்களை வெளியேற்ற நினைத்தாலும் ஏற்றுக்கொள்ள வேறு நாடு இல்லை. வேலைக்குச் சென்றால் சட்ட விரோதம். இடம் பெயர்ந்தால் சட்ட விரோதம். இருந்த இடத்தில் இருப்பதும் சட்ட விரோதம். காவல்துறை அவர்களைச் சிறையிலிடும், விடுவிக்கும், இரவோடு இரவாக அண்டை நாட்டு எல்லைக்குள் தள்ளும். அந்த நாடு திருப்பித் தள்ளும்.

அரசுகளின் அச்சமும் முற்றிலும் கற்பனை அன்று. வந்தவர்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் இருந்தார்கள். புரட்சியைப் பரப்பும் முகவர்கள் கலந்திருக்கக்கூடும் என்ற கவலை இருந்தது. போரால் நலிந்த நாடுகளில் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்தது. 1921இல் வோல்கா சமவெளியில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோது, நிவாரணத்துக்குக் கடன் தருமாறு நான்சென் சங்கத்திடம் மன்றாடினார். உதவி போல்ஷ்விக் அரசுக்கு வலுவூட்டிவிடும் என்று அஞ்சிய அரசுகள் கைவிரித்தன. அவர் தனியாரிடம் நிதி திரட்டப் புறப்பட்டார். அச்சம் கோலோச்சும் அவையில் இரக்கத்தை மட்டும் முன்வைத்துப் பேசினால் என்ன கிடைக்கும் என்பதை அங்கே அவர் கண்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

ஒரு தாளின் வலிமை

1921இல் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமிக்கப்பட்ட நான்சென், 1922 ஜூலையில் ஜெனீவாவில் அரசுகளின் மாநாட்டைக் கூட்டினார். அங்கு பிறந்ததுதான், பின்னாளில் நான்சென் கடவுச்சீட்டு என்று பெயர் பெற்ற அடையாளச் சான்றிதழ். வைத்திருப்பவரின் பெயர், பிறப்பு, தோற்றம், ஒளிப்படம் ஆகியவற்றோடு அவர் ரஷ்ய வம்சாவளியினர், வேறு குடியுரிமை பெறாதவர் என்ற குறிப்பும் அதில் இருந்தன. அகதி தங்கியிருக்கும் நாட்டின் அரசே அதை வழங்கும். மற்ற அரசுகள் அதை ஓர் ஆவணமாக ஏற்கும்.

இந்தத் தாள் எதைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது குடியுரிமை தரவில்லை. எந்த நாட்டையும் கதவு திறக்கும்படி கட்டாயப்படுத்தவில்லை. தொடக்கத்தில், வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூட அது தரவில்லை. அந்தக் குறையை ஓரளவு சரிசெய்ய 1926இல் புதிய உடன்படிக்கை தேவைப்பட்டது. அயல்நாட்டார் பற்றிய உள்நாட்டுச் சட்டங்கள் எதையும் அது மாற்றவில்லை. உரிமை ஆர்வலர்கள் கேட்டதைவிட அது மிகக் குறைவு. ஆனால், அந்தக் குறைவினால்தான் அரசுகள் கையெழுத்திட்டன. காலப்போக்கில் 50க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. 1924இல் ஆர்மீனியர்களுக்கும், 1928இல் அசிரியர் உள்ளிட்ட வேறு சில பிரிவினருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஏறக்குறைய 4.5 லட்சம் பேர் அதைப் பெற்றதாகக் கணக்கிடப்படுகிறது.

அரசுகள் ஏன் ஏற்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தம் மண்ணில் இருக்கும் அயலார் யார், எத்தனை பேர், எங்கிருக்கிறார்கள் என்பதை அறிய அரசுகள் விரும்பின. அடையாளமற்ற மனிதரைக் கண்காணிக்கவும் இயலாது. சட்டப்படி வெளியேற்றவும் இயலாது. அவரிடம் வரி வசூலிக்கவும் இயலாது. ஆவணம் பெற்றவரோ வேலை இருக்கும் நாட்டைத் தேடிச் சட்டப்படி பயணம் செய்ய முடியும். நெரிசல் மிகுந்த கான்ஸ்டான்டிநோபிளில் தேங்கிக் கிடந்தவர்கள், ஆள் தேவைப்பட்ட பிரெஞ்சுத் தொழிற்சாலைகளுக்குச் செல்ல முடியும். 1925 முதல் சில ஆண்டுகள், அகதிகளுக்கு வேலை தேடித்தரும் பொறுப்பைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே ஏற்று நடத்தியது. ஆக, காவல் அதிகாரியின் தேவையும் அகதியின் தேவையும் அந்த ஒரே தாளில் சந்தித்தன. ஒருவருக்குக் கிடைத்த பாதுகாப்பு மற்றவரின் உரிமையைக் குறைக்கவில்லை. தராசு உவமை இங்கே பொருந்தாமல் போகிறது.

இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவா போன்றோர் அந்தச் சான்றிதழை வைத்திருந்தவர்கள். எழுத்தாளர் நபக்கோவும் வைத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எல்லையிலும் சந்தித்த அவமதிப்பைப் பின்னாளில் கசப்போடு பதிவும் செய்தார். அந்தக் கசப்பை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டாந்தர ஆவணம் இரண்டாந்தர மரியாதையையே பெற்றுத்தந்தது. ஆயினும் ஆவணமே இல்லாதவருக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை என்பதே அன்றைய நிலை.

லோசான் உடன்படிக்கையின் நிழல்

இதுவரை சொன்னது நான்சென்னின் ஒளிமிக்க பக்கம். 1922 இலையுதிர் காலத்தில் அவருக்கு மற்றொரு பொறுப்பு வந்தது. ஆசியா மைனரில் கிரேக்கப் படை துருக்கியரிடம் தோற்றது. ஸ்மிர்னா நகரம் எரிந்தது. லட்சக்கணக்கான ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து கிரேக்கத்துக்கு ஓடினார்கள். மீதமிருந்தவர்களின் உயிருக்கு உத்தரவாதமில்லை. கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்களின் நிலையும் அச்சத்துக்குரியதே. இரு தரப்பையும் சந்தித்த நான்சென், மக்கள் பரிமாற்றமே வழி என்று முன்மொழிந்தார். குளிர்காலத்துக்குள் அகதிகளுக்கு வீடும் விளைநிலமும் வேண்டும். வெளியேறும் முஸ்லிம்களின் வீடுகளில் வந்தவர்களைக் குடியமர்த்தலாம். மீண்டும் ஒரு படுகொலை நிகழாமல் தடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

1923 ஜனவரி 30 அன்று லோசானில் கையெழுத்தான உடன்படிக்கை, அந்தப் பரிமாற்றத்தைக் கட்டாயமாக்கியது. இஸ்தான்புல் கிரேக்கர்களும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களும் மட்டும் விலக்குப் பெற்றார்கள். ஏற்கெனவே தப்பி வந்தவர்களையும் சேர்த்துச் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்களும், ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்களும் தாயகத்தை நிரந்தரமாக இழந்தார்கள். யார் போக வேண்டும் என்பதை மதம் மட்டுமே முடிவு செய்தது. துருக்கி மொழி தவிர வேறொன்றும் அறியாத அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை.

பாதுகாப்பு நோக்கில் பார்த்தால், இதை வெற்றி என்று வாதிடுவோர் உண்டு. இரு நாடுகளுக்கும் இடையே போர் மூளவில்லை. 1930இல் நட்புறவு உடன்படிக்கையும் ஏற்பட்டது. சங்கத்தின் ஆதரவோடு பெற்ற கடனால் கிரேக்கம், சதுப்பு நிலங்களைத் திருத்திப் புதிய ஊர்களை அமைத்தது. 1928ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிரேக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அகதி. அவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரு சிறிய ஏழை நாடு உள்வாங்கிக்கொண்டது வியப்புக்குரியதே. ஆனால், விட்டு வந்த சொத்துக்கு ஈடு கிடைக்கும் என்ற உறுதிமொழி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. ஊரையும் மொழியையும் மூதாதையர் கல்லறைகளையும் இழந்த துயரம் தலைமுறைகளைக் கடந்து இரு கரைகளிலும் பாடல்களாகவும் கதைகளாகவும் இன்னும் வாழ்கிறது. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் நேர்ந்தது. மக்களை மந்தைகளாகப் பிரித்து இடம் மாற்றுவது நாகரிக அரசுகள் கையாளத் தக்க தீர்வுதான் என்ற எண்ணத்துக்கு லோசான் முன்னுதாரணமானது. பிற்காலத்தில் வேறு பலர், வேறு இடங்களில் அதைச் சுட்டிக்காட்டினார்கள்.

இதை எழுதுவது நான்சென்னைக் குறை கூறுவதற்காக அன்று. எரியும் நகரத்தின் முன்னால் நின்றவரை, நூறாண்டு கழித்து நாற்காலியில் அமர்ந்து கண்டிப்பது எளிது. நான் கவனிப்பது வேறொன்று. சான்றிதழுக்குப் பின்னால் இருந்தவரும் லோசானுக்குப் பின்னால் இருந்தவரும் ஒரே மனிதர். இரண்டிலும் அவருடைய நோக்கம் உயிர்களைக் காப்பதே. வேறுபாடு வழிமுறையில் இருந்தது. சான்றிதழ் ஒவ்வொருவரையும் பெயரோடும் முகத்தோடும் தனி மனிதராகக் கண்டது. பெறுபவரே அதைக் கேட்டுப் பெற்றார். லோசான் உடன்படிக்கை மனிதரைக் காணவில்லை. மதத்தையும் எண்ணிக்கையையும் கண்டது.

மறைவுக்குப் பின்

நோபல் பரிசுத் தொகையை நிவாரணப் பணிகளுக்கே அளித்துவிட்ட நான்சென், தம் இறுதி ஆண்டுகளை ஆர்மீனியர்களுக்காகச் செலவிட்டார். படுகொலையிலிருந்து தப்பிச் சிதறியவர்களைச் சோவியத் ஆர்மீனியாவின் வறண்ட நிலங்களில் பாசன வசதி செய்து குடியமர்த்தலாம் என்று 1925இல் நேரில் சென்று ஆராய்ந்து திட்டம் தீட்டினார். போர்க்காலத்தில் ஆர்மீனியர்களுக்குப் பல வாக்குறுதிகள் அளித்திருந்த வல்லரசுகள், அதற்கான கடனைத் தர மறுத்தன. அந்தத் தோல்வி அவரை மிகவும் வருத்தியது. 1930 மே 13 அன்று தம் இல்லத்தில் அவர் காலமானார். நார்வேயின் தேசிய நாளான மே 17 அன்று அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெற்றது.

அவருடைய பெயரில் அமைந்த அகதிகள் அலுவலகம் 1938இல் நோபல் பரிசு பெற்றது. அதே ஆண்டில் ஐரோப்பா எங்கே நின்றுகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிய யூதர்களை யார் ஏற்பது என்று விவாதிக்க ஜூலையில் எவியன் நகரில் கூடிய 32 நாடுகளில் பெரும்பாலானவை சாக்குப்போக்குச் சொல்லிக் கலைந்தன. இலையுதிர் காலத்தில், சுவிட்சர்லாந்துடன் நடந்த பேச்சுவார்த்தையைத் தொடர்ந்து, ஜெர்மன் அரசு யூதர்களின் கடவுச்சீட்டுகளில் ஜே என்ற எழுத்தைச் சிவப்பில் பொறிக்கத் தொடங்கியது. எல்லைக் காவலர் ஒரே பார்வையில் அடையாளம் கண்டு திருப்பியனுப்ப அது உதவியது. 16 ஆண்டுகளுக்கு முன் நாடற்றவருக்குக் கதவு திறந்த அதே கருவி, இப்போது கதவை மூடப் பயன்பட்டது. ஆவணம் தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதை வழங்குபவர், வைத்திருப்பவரை மனிதராகக் காண்கிறாரா, வகையாகக் காண்கிறாரா என்பதைப் பொறுத்தே அதன் அறம் அமைகிறது.

அந்தப் பேரழிவின் சாம்பலிலிருந்துதான் 1951ஆம் ஆண்டு ஜெனீவா அகதிகள் உடன்படிக்கை எழுந்தது. அதன் 28ஆவது பிரிவு அகதிகளுக்குப் பயண ஆவணம் வழங்கச் சொல்கிறது. ஈழப் போரிலிருந்து தப்பி நார்வேயிலும் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் அகதிகளாக ஏற்கப்பட்ட தமிழர்கள் கையில் வைத்திருந்த பயண ஆவணம், நான்சென் சான்றிதழின் நேரடி வாரிசு. 33ஆவது பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பியனுப்பக் கூடாது என்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று கருத நியாயமான காரணம் உள்ளவர் இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. போர்க் குற்றவாளிகள் அகதி என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டார்கள். தங்கியிருக்கும் நாட்டின் சட்டத்தை மதிப்பது அகதியின் கடமை என்கிறது 2ஆவது பிரிவு. உரிமைவாதிகள் மட்டும் எழுதிய கனவு ஆவணம் என்று இன்று சிலர் ஏளனம் செய்யும் அந்த உடன்படிக்கையில், பாதுகாப்புக் கவலை தொடக்கத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

இன்றைய எல்லைகளில்

2015இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் வழியாக ஐரோப்பா வந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸில் தாக்குதல் நடத்தியவர்களில் இருவர், போலி சிரியக் கடவுச்சீட்டுகளோடு அகதிகள் கூட்டத்தில் கலந்து கிரேக்கத் தீவொன்றில் பதிவு செய்துகொண்டு வந்தவர்கள். 2016 டிசம்பரில் பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தையில் லாரியை ஏற்றிப் பலரைக் கொன்றவர், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். பல பெயர்களில் பதிவு செய்துகொண்டு உலவியவர். அவரை வெளியேற்ற முடியாமல் போனதற்கு ஒரு காரணம், அவருடைய நாடு உரிய ஆவணத்தை வழங்கத் தாமதித்தது. தாக்குதல் நடந்து இரண்டு நாள் கழித்தே அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது. அச்சப்படும் ஐரோப்பியக் குடிமகனை இனவெறியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையன்று. அவருடைய கேள்விக்கு விடை வேண்டும்.

ஆனால், அந்த நிகழ்வுகள் எனக்குக் காட்டுவது உரிமைகளின் மிகுதியை அன்று, அடையாளத்தின் குறைவை. ஒருவர் யார் என்று விரைந்து அறிய இயலாமை, அறிந்ததை நாடுகள் பகிர்ந்துகொள்ளாமை, முடிவெடுக்க ஆண்டுக்கணக்கில் தாமதித்தல், எடுத்த முடிவை நிறைவேற்ற முடியாமை: இவையே ஓட்டைகள். நடுக்கடலில் படகைத் திருப்பிவிடுவதால் இவற்றில் எதுவும் அடைபடப் போவதில்லை. திருப்பிவிடப்பட்ட படகில் கொலைகாரர் இருந்தாரா, குழந்தை இருந்ததா என்பது எவருக்கும் தெரியாமலே போகிறது. 2009இல் இத்தாலி நடுக்கடலில் தடுத்து லிபியாவுக்குத் திருப்பியனுப்பியவர்களின் வழக்கில், 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதையே சுட்டியது: ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராயாமல் கூட்டமாக வெளியேற்றியது உரிமை மீறல். 2014 முதல் மத்தியதரைக் கடலில் உயிரிழந்தோர், காணாமற்போனோர் எண்ணிக்கை 30,000ஐக் கடந்துவிட்டது.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு ஐரோப்பாவே சான்று. 2022 மார்ச்சில் உக்ரைன் மக்கள் எல்லையில் வந்து குவிந்தபோது, 2001 முதல் ஏட்டில் உறங்கிய தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை ஐரோப்பிய ஒன்றியம் சில நாட்களில் நடைமுறைப்படுத்தியது. வந்தவர்களுக்குப் பதிவு, தங்கும் உரிமை, வேலை செய்யும் உரிமை, குழந்தைகளுக்குப் பள்ளி ஆகியவை கிடைத்தன. 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் கீழ் வந்தார்கள். வாடகை உயர்வு, பள்ளிகளில் நெரிசல் என்று சிக்கல்கள் எழாமல் இல்லை. ஆயினும் அரசுகளுக்கு அவர்கள் யார், எங்கிருக்கிறார்கள் என்பது தெரியும். நான்சென் கண்ட வழியை நூறாண்டுக்குப் பின் பெரிய அளவில் செய்து பார்த்தது போலவே எனக்கு அது தோன்றுகிறது. சிரியரும் சூடானியரும் ஆப்கானியரும் வந்தபோது இதே விரைவு ஏன் இல்லை என்ற கேள்விக்குத்தான் ஐரோப்பா நேர்மையான விடை தரவில்லை.

2024இல் ஏற்கப்பட்டு, 2026 ஜூன் முதல் நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்ட ஒன்றியத்தின் புதிய குடியேற்ற ஒப்பந்தத்தை இந்த அளவுகோலால் அளக்கலாம். எல்லையிலேயே 7 நாட்களுக்குள் ஒவ்வொருவரையும் பரிசோதித்துப் பதிவு செய்வது, பாரத்தை உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்வது ஆகியவை நான்சென் வழியில் அமைந்தவை. 6 வயதுக் குழந்தையின் கைரேகையையும் பதிவு செய்வது, காணாமற்போகும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க உதவுமானால் நன்மை. சந்தேகப் பட்டியலை நீட்டவே உதவுமானால் தீமை. பிறந்த நாட்டைப் பார்த்து விரைவு நடைமுறைக்குள் தள்ளுவதும், அடைத்து வைக்கும் முகாம்களும் லோசான் வழியை நினைவூட்டுகின்றன. 2025 மே மாதம் இத்தாலி, டென்மார்க் உள்ளிட்ட 9 நாடுகள், குற்றமிழைத்த அயலாரை வெளியேற்ற மனித உரிமை நீதிமன்றம் தடையாக இருப்பதாகக் கூட்டுக் கடிதம் எழுதின. குற்றம் செய்தவரைத் தண்டிக்கவும், உரிய விசாரணைக்குப் பின் வெளியேற்றவும் அரசுக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சித்திரவதைக்கு அனுப்பக் கூடாது என்ற கடைசிக் கோட்டையும் அழிக்கத் துணிந்தால், எழுத்து பொறித்த கடவுச்சீட்டுகளின் காலம் வெகு தொலைவில் இல்லை என்றே அஞ்சுகிறேன்.

பாதுகாப்பு, மனித உரிமை, குடியேற்ற ஒழுங்கு ஆகிய மூன்றையும் சமன் செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான்சென்னின் வாழ்க்கை ஒரு சூத்திரத்தைத் தருவதில்லை. ஒரு சோதனையைத் தருகிறது. எல்லையில் நிற்பவரின் பெயரை அரசு கேட்டதா? அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அவருக்கென்று ஒரு முடிவை எடுத்ததா? அந்த முடிவு, தங்கலாம் என்பதாகவும் இருக்கலாம். திரும்ப வேண்டும் என்பதாகவும் இருக்கலாம். கேட்காமல் எடுக்கும் முடிவு மட்டும் உரிமையையும் காப்பதில்லை, ஊரையும் காப்பதில்லை. உலகின் வல்லரசுகள் கூடி விவாதித்தும் தீராத ஒரு சிக்கலை, ஒளிப்படம் ஒட்டிய ஒரு தாளால் ஓரளவேனும் அவிழ்த்துக் காட்டியவர் நான்சென். அந்தத் தாளில் முதலில் எழுதப்பட்டது நாட்டின் பெயரன்று, ஒரு மனிதரின் பெயர் என்பதை ஐரோப்பா மறவாதிருக்க வேண்டும்.